வீட்டுக்கு அனுப்பும் முன் எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூளை, முதுகெலும்பு அறுவை சிகிச்சைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை ஒன்றுவிடாமல் படிப்பவள் நான். சிக்கலான அறுவை, பல மணி நேரம், மருத்துவக் குழுவின் சாதனை என்று விரியும் அந்தச் செய்திகள் பெரும்பாலும் நோயாளி வீடு திரும்பினார் என்பதோடு நின்றுவிடுகின்றன. வீடு திரும்பியவரை அந்த வீட்டார் எப்படி வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

பேராவூரணிக்கு அருகே ஒரு கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். என் கணவர் தென்னை மரம் ஏறும் தொழிலாளி. காய்ந்த மட்டையைக் கழித்தபோது மட்டை கையோடு வர, அதனோடு சேர்ந்து விழுந்தார். தோட்டத்தில் இருந்தவர்கள் பதறி ஓடிவந்து, ஒருவர் அக்குளிலும் ஒருவர் முழங்காலிலும் பிடித்துத் தூக்கிச் சரக்கு ஆட்டோவில் கிடத்தினார்கள். உதவ வந்தவர்களை நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனாலும் இதைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முதுகெலும்பு உடைந்தவரை மடக்கித் தூக்கினால் உடைந்த எலும்பு நகர்ந்து, அதற்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடத்தை இன்னும் நசுக்கக்கூடும். 108 வரும்வரை அசைக்காமல் வைத்திருங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் நான்கைந்து பேர் சேர்ந்து, தலை முதல் இடுப்பு வரை ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பிடித்து, கதவுப் பலகை போன்ற உறுதியான பலகையில் கிடத்துங்கள்.

ஸ்கேனில் முதுகும் இடுப்பும் சேரும் இடத்தில் டி12, எல்1 என்ற இரண்டு முதுகெலும்புகள் நொறுங்கியிருந்தன. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, தொடு உணர்ச்சியும் இல்லை. அறுவை சிகிச்சை செய்து கம்பியும் திருகும் வைத்து எலும்பை நிலைநிறுத்தினார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அந்த வழியில் வந்த மருத்துவர்கள் நம் மாநிலத்தில் கத்தி பிடிப்பதில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். எலும்பை நேராக்கலாம், நசுங்கிய தண்டுவடத்தை ஒட்டவைக்க முடியாது என்பதையும் மருத்துவர் எங்களிடம் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கு இன்றும் அவரை மதிக்கிறேன்.

என் மனக்குறை டிஸ்சார்ஜ் அன்று தொடங்கியது. கையில் கொடுத்த தாளில் மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன: படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளவும், பிசியோதெரபி தொடரவும். எப்படிப் பார்த்துக்கொள்வது? எங்கே போய்த் தொடர்வது? செவிலியர் ஒருவருக்கு எத்தனையோ கட்டில்கள். கேட்டு நிற்கவும் மனம் வரவில்லை. சிறுநீர் போவதற்குப் போட்ட குழாயோடும் பையோடும் அவரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

முதலில் வால் எலும்பின் மேல் ஒரு சிவப்பு தெரிந்தது. விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. சில நாளில் கறுத்தது. தோல் உரிந்தபோது உள்ளே குழியாக இருந்தது. நமக்கெல்லாம் ஒரே இடத்தில் அழுத்தம் பட்டால் வலிக்கிறது, தூக்கத்திலேயே புரண்டு படுத்துவிடுகிறோம். அவருக்கு வலியும் தெரியாது, புரளவும் முடியாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சிக்கிய சதைக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போகிறது. இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்திருந்தால் அந்தப் புண் வந்திருக்காது. காற்று மெத்தை வாங்கினாலும் புரட்டத்தான் வேண்டும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். புண் ஆற மாதக்கணக்கில் ஆனது.

அடுத்து சிறுநீர். நிரந்தரமாகப் போட்டுவைத்த குழாய் அடைத்துக்கொள்ளும், கிருமி ஏறும், குளிர்க் காய்ச்சல் வரும். மறுபடி ஊசி, மறுபடி மருத்துவமனை. தண்டுவடம் அடிபட்டவர்களின் உயிருக்கு நெடுங்காலம் பெரிய எமனாக இருந்தது சிறுநீரகக் கோளாறு என்று பிறகுதான் படித்தேன். சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல் போனால் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுகிறது. இதற்கு எளிய வழி இருக்கிறது. நான்கைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மெல்லிய குழாயைத் தானே செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டுக் குழாயை எடுத்துவிட வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972இலேயே இதை எழுதிவிட்டார். பெரிய கருவி வேண்டாம், அறுவைக்கூடச் சுத்தமும் வேண்டாம். எங்கள் கிராமத்துக்கு அந்தச் சேதி வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அதைக் கொண்டுவந்தவர் மருத்துவர் அல்லர். கிணற்று வேலையில் விழுந்து கால்கள் செயலிழந்த ஒருவர், பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்தார். எங்கள் கிராமச் செவிலியர் சொல்லி அனுப்பியிருந்தார். வந்தவுடன் என் கணவரிடம், "தம்பி, வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறதா?" என்று கேட்டார். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து இடுப்பையும் பின்புறத்தையும் குதிகாலையும் எப்படிப் பார்ப்பது என்று காட்டினார். "தங்கச்சி பார்ப்பாள் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் தோலுக்கு நீங்கள்தான் காவல்" என்றார். நாற்காலியில் உட்காரும்போது கால் மணி நேரத்துக்கு ஒரு முறை இரு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும் என்றார். வெயிலில் நின்ற வண்டியின் இருக்கையில் துணி போடாமல் உட்காரக் கூடாது, சுடுநீரைக் காலில் ஊற்றும் முன் என் கையில் ஊற்றிப் பார்க்க வேண்டும், மலம் கழிப்பதைத் தினமும் சாப்பாட்டுக்குப் பின் ஒரே நேரத்துக்குப் பழக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குழாய் செலுத்துவதை மட்டும் செவிலியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கற்றுக்கொடுத்தார். அந்தக் கவனம் எனக்குப் பிடித்தது.

இன்னொன்றையும் தயங்காமல் எழுதுகிறேன், மன்னிக்கவும். முப்பதுகளில் இருக்கும் தம்பதியிடம் இனிக் கணவன் மனைவி உறவு எப்படி என்று மருத்துவமனையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கும் மருத்துவத்தில் விடை உண்டு, குழந்தை பெறவும் வழிகள் உண்டு என்பதை அந்த அண்ணன்தான் என் கணவரைத் தனியாக வைத்துச் சொன்னார். அன்றுதான் என் கணவர் பல நாளுக்குப் பிறகு தானாகக் கேட்டு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சத்துணவுக் கூடத்தில் பதிவேடு எழுதிப் பழகியவள் என்பதால் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். குடித்த தண்ணீர், வடித்த நேரம், வடித்த அளவு, தோல் நிலை. அளவு 500 மில்லிக்கு மேல் போனால் அடுத்த வேளையை முன்னால் தள்ளிக்கொள்வோம். காய்ச்சல் வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்படி ஒரு நோட்டை மருத்துவமனையே அச்சிட்டுத் தமிழில் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்?

இந்த அறிவு நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரண்டு மணிக்கொரு முறை புரட்டிவிடுவதைக் கண்டிப்பான விதியாக்கினார். சாகத்தான் போகிறார்கள் என்று கைவிடப்பட்ட போர்வீரர்கள் அங்கே பிழைத்து, 1948இல் அம்பெய்தல் போட்டியே நடத்தினார்கள். நம் வேலூரில் மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்களின் செயலை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. இந்தப் பெயர்களில் ஒன்றுகூட எங்கள் டிஸ்சார்ஜ் தாளில் இல்லை. இருந்திருந்தால் அறுவை முடிந்த கையோடு அவரை அங்கே கொண்டுபோயிருப்பேன். அந்தப் புண்ணோடு கழிந்த காலத்தில் நாற்காலி ஓட்டவும், கட்டிலிலிருந்து தானே நகர்ந்து உட்காரவும் கற்றிருப்பார்.

மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் சுகாதாரத் துறைக்கும் என் கோரிக்கை இதுதான். தண்டுவடம் அடிபட்டவரை வீட்டுக்கு அனுப்பும் முன், அவரைக் கவனிக்கப் போகிறவர் வார்டிலேயே தன் கையால் புரட்டி, குழாய் செலுத்தி, தோலைப் பார்த்துக் காட்ட வேண்டும். அவருக்கு அது வந்துவிட்டது என்று செவிலியர் கையெழுத்திட்ட பிறகே டிஸ்சார்ஜ் தாள் எழுதப்பட வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கும் தலைக்காயம் பட்டவர்களுக்கும் இது பொருந்தும். மூக்கு வழிக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது நோயாளியைச் சாய்த்து உட்காரவைக்க வேண்டும், படுத்த வாக்கில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று எங்கள் தெருவிலேயே ஒரு மருமகளுக்கு யாரும் சொல்லவில்லை. மாமனார் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார். அந்தப் பெண் இன்றும் தன்னையே நொந்துகொள்கிறாள். அவள் மேல் என்ன தவறு?

விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. எத்தனையோ உயிர்களுக்கு அது பெரிய ஆறுதல். அப்படிப் பிழைத்து வந்தவர்களுக்கு 48 மணி நேரத்துக்குப் பிறகும் வாழ்க்கை இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான திரவப் பைகளும் அந்தத் திட்டத்தில் வீடு தேடிப் போகின்றன. டயாலிசிஸ் வரை போகாமல் சிறுநீரகத்தைக் காப்பது இந்தச் சின்னக் குழாய். மாதாமாதம் தேவையான குழாய்களையும் அந்தத் திட்டத்திலேயே சேர்த்துக் கொடுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை தேவைப்படும் பொருளைக் கூலிக் குடும்பங்கள் கடையில் வாங்கித் தாங்க முடியாது. அதனால்தான் பழைய குழாயையே அலசி அலசிப் பயன்படுத்துகிறார்கள்.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்பதையும் வார்டிலேயே சொல்லலாம். நோயாளியைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைவது எவ்வளவு கொடுமை என்பது அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடலாம் என்று நிலத்தை விற்கச் சொல்லி எங்களிடமும் ஆள் வந்தது. 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை ஆராய்ச்சியாகத்தான் செய்ய முடியும், பணம் வாங்கிக்கொண்டு செய்யக் கூடாது. தண்டுவடத்துக்கு என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தப் பணத்தில் நல்ல நாற்காலியும் குழாயும் வாங்கலாம்.

மரம் ஏறும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தென்னை வளர்ச்சி வாரியம் மரம் ஏறுபவர்களுக்காகக் 'கேர சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீட்டை நடத்துகிறது. என் கணவர் விழும் வரை எங்கள் ஊரில் அதில் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. அவரோடு மரம் ஏறியவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலையை இப்போது நானே செய்கிறேன். மற்ற ஊர்களிலும் வேளாண் அலுவலகத்தில் கேட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.