விளையாட்டிட வேலைக்கு விலை கோரும்போதே தொழிலாளர் உடன்பாட்டையும் கேளுங்கள்

திருகோணமலை நகர உள்ளூராட்சி மன்றத் தலைவர், உறுப்பினர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கு,

வணக்கம். சிறுவர் பூங்காவோ விளையாட்டிடமோ அமைக்கக் கேள்வி (ரெண்டர்) கோரும்போது, வேலையாட்களின் பெயர், சம்பளம், காப்புறுதி, நாள் அட்டவணை எல்லாம் எழுதிய தொழிலாளர் உடன்பாட்டை விலைமனு ஆவணத்திலேயே கட்டாய நிபந்தனையாகப் போடுங்கள். வேலையைக் கொடுத்த பிறகு கேட்டால் நடக்காது. ஏன் என்று கணக்கே சொல்லும்.

ஒரு மேசனுக்கு நாட்சம்பளம் 3,000 ரூபாய், மாதம் 25 நாள் வேலை என்று வையுங்கள். சம்பளம் 75,000. அதன்மேல் முதலாளி, அந்த ஆளின் பேரில் சேரும் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் கட்டவேண்டும்: 9,000, 2,250. நாட்கூலி ஆள் என்றாலும் இதில் விலக்கு இல்லை. ஆளுக்கு மாதம் 11,250 ரூபாயைச் சேர்த்து விலை போடுகிறவர், சேர்க்காதவரிடம் கேள்வியை இழக்கிறார். குறைந்த விலையை மட்டும் பார்த்தால், சட்டத்தை மதிக்கிற கொந்தராத்துக்காரரைத்தான் சபை வீட்டுக்கு அனுப்புகிறது. எல்லாருக்கும் ஒரே நிபந்தனை இருந்தால் இந்த அநியாயம் நிற்கும்.

ஓட்டை விழுகிற இடம் உபகொந்தராத்து. ஊஞ்சலும் சறுக்கியும் பொருத்துகிற வேலையை ஒரு பாஸிடம் (ஆட்களைக் கூட்டிவந்து வேலை செய்விக்கும் தலைமை வேலையாளிடம்) மொத்தத் தொகைக்குப் பேசிவிடுவார்கள். அவர் கூட்டிவரும் நாலு பேரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. ஆகவே தளத்தில் கால் வைக்கும் ஒவ்வொருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், நாட்சம்பளம் எல்லாம் உடன்பாட்டில் இருக்கவேண்டும். விபத்துக் காப்புறுதியும் அதே ஆட்தொகைக்கு எடுத்திருக்கவேண்டும்.

பில்லோடு கையொப்பமிட்ட சம்பளப் பட்டியலும் நிதிப் பற்றுச்சீட்டும் வராவிட்டால் காசு விடாதீர்கள். இங்கே ஒரு நுணுக்கம்: மே மாதச் சம்பளத்துக்கான பங்களிப்பைக் கட்ட ஜூன் முடியும்வரை தவணை உண்டு. ஜூனில் வரும் பில்லுக்கு ஏப்ரல் பற்றுச்சீட்டைத்தான் கேட்கலாம். மாதத்தை மாற்றிக் கேட்டால் நேர்மையான ஆளின் பில்லும் வீணாகத் தேங்கும்.

மொத்தத் தொகைக்குப் பேசுவதன் விளைவைப் பிள்ளைகள்தான் அனுபவிக்கிறார்கள். ஊஞ்சல் காலுக்குக் கொங்கிறீற்று போட்டால் 7 நாளாவது ஈரம் காயாமல் பார்த்து, அதன் பிறகே சுமை ஏற்றவேண்டும். அந்த 7 நாளுக்குச் சம்பளம் இல்லையென்றால் பாஸ் அடுத்த நாளே ஊஞ்சலின் இரும்புச் சட்டகத்தைப் பொருத்தி, சங்கிலியையும் மாட்டிவிட்டுப் போவார். பச்சைக் கொங்கிறீற்றில் கால் ஆடிவிடும். பிறகு எவ்வளவு பூசினாலும் பிடிக்காது. நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு) பூசிய குழாயை உருக்கி ஒட்டும்போது (வெல்டிங்) ஒட்டிய இடத்தில் முலாம் எரிந்துபோகும். கசடு தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, நாகப் பூச்சு இரண்டு கை அடிக்கவேண்டும். அவசரத்தில் வெள்ளிப் பெயின்ற் ஒரு கை பூசி மூடிவிடுவார்கள். நம்முடைய உப்புக்காற்றுக்குத் துரு தொடங்குவது அந்த ஒட்டில்தான், பிள்ளை கைபிடிக்கும் இடத்தில். அதனால் கொங்கிறீற்று இறுகும் நாட்களில் அதே ஆட்களுக்கு வேலிக்கால், நடைபாதை, மணல் பரப்பும் வேலை கொடுக்கும் நாள் அட்டவணையும் உடன்பாட்டில் வேண்டும். ஊஞ்சலின் கீழ் 300 மில்லிமீற்றர் மணல் என்று அளவுப் பட்டியலில் எழுதியிருந்தால், அள்ளிப்போடும் ஆளுக்கான கூலியும் அங்கேயே எழுதப்பட்டிருக்கட்டும்.

இன்னொன்று, காலம். நிதி ஒதுக்கீடு டிசெம்பரோடு முடிகிறது என்று ஐப்பசியில் வேலை தொடங்குவது வழக்கம். எங்கள் ஊரில் வாடைக்காற்று மழை அப்போதுதான் வரும். குழியில் தண்ணீர் நிற்க, ஆட்கள் சம்பளமில்லாமல் குந்தியிருப்பார்கள். வெயில் வந்த அன்று எல்லாவற்றையும் ஒரே நாளில் போடுவார்கள். மாசியில் கேள்வி கோரி ஆவணிக்குள் முடியுங்கள். அதையும் மீறி மழையில் வேலை நடந்தால், மழை நாளுக்கான குறைந்தபட்சக் கூலியை உடன்பாட்டில் எழுதுங்கள்.

அடுத்த கேள்வி அறிவித்தலுக்கு முன் இதன் வரைவை உங்கள் உத்தியோகத்தர்களோடு உட்கார்ந்து எழுத ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலை மேசன்மார், ஒட்டு வேலையாட்கள், தள மேற்பார்வையாளர்கள் சிலர்