மாடித்தோட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

எங்கள் குடியிருப்பின் எல்லா வீட்டாருக்கும், வெளியிலிருந்து வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

போன ஆடியில் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்ததும், பல மாதத்துக்கு மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆடிப்பட்டத்துக்குப் போட்ட அவரையும் சுரையும் தக்காளி நாற்றும் மொட்டை மாடியில். நான் கீழே கட்டிலில். போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன். போக விடாதவர்கள் நீங்கள். பெயர் எதுவும் போடவில்லை. போட்டால் உங்களில் பாதிப்பேர் சண்டைக்கு வருவீர்கள்.

முதல் நன்றி வாட்ச்மேன் அண்ணனுக்கு. கோயமுத்தூர் வடவள்ளியில் ஆடிக்காற்று லேசுப்பட்டதல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருவது மாடியில் எதையும் நிற்க விடாது. பந்தல் குச்சிகளைக் கைப்பிடிக் கம்பியோடு இறுக்கிக் கட்டி, உயரமான செடிகளை மேற்குச் சுவர் ஓரம் நகர்த்தி வைத்தார். ஐப்பசி மழையில் டார்ச்சோடு மேலே போய், தண்ணீர் தேங்கிய செடிப் பைகளின் அடித்துளையைக் கம்பியால் குத்திவிட்டு, அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கியும் வைத்தார். ஒரு மிளகாய்ச் செடிகூட வேரழுகிப் போகவில்லை. நாற்றைக் கொத்த வரும் மயிலைத் தட்டைத் தட்டித் துரத்தியதும் அவர்தான். தேசியப் பறவையாயிற்றே, அதற்கு மேல் நாம் என்ன செய்ய முடியும்!

மேல்வீட்டுப் பாப்பாவுக்கு அடுத்த நன்றி. சுரைப்பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். பகலில் வருகிற தேனீக்கு அங்கே வேலையில்லை, மகரந்தம் சேராமல் பிஞ்சு உதிர்கிறது. பூவுக்கு அடியில் குட்டிச் சுரைக்காய் இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு மட்டும் என்றால் ஆண் பூ என்று சொல்லிக் கொடுத்தேன். ட்யூஷன் முடிந்து வந்து, ஆண் பூவைக் கிள்ளி இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுவாள். கார்த்திகையில் நம் குடியிருப்பில் எத்தனை வீட்டில் சுரைக்காய்க் கூட்டு என்று உங்களுக்கே தெரியும். அலுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மாசி வெயில் ஏறியதும் செம்பருத்தியிலும் பப்பாளியிலும் மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது. கடையில் இருக்கிற பலமான மருந்தாக வாங்கி அடித்துவிடலாம் என்று ஆளாளுக்கு யோசனை. ஐயா மட்டும் ஒரு கிளையை வெட்டிக் கொண்டுவரச் சொல்லி, கட்டில் ஓரமாக உட்கார்ந்து, இலையைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் காட்டினார். வெள்ளைக்கு நடுவே பழுப்பாக உப்பிய கூடுகள், சிலவற்றில் ஊசிமுனை அளவு ஓட்டை. குளவி உள்ளே முட்டையிட்டு, அதன் குஞ்சு பூச்சியைத் தின்று வெளியேறிய அடையாளம். இன்னொரு வெள்ளை உருப்படி விறுவிறுவென்று நகர்ந்தது. அது மாவுப்பூச்சி மாதிரி வேஷம் கட்டிய பொறிவண்டுப் புழு; மாவுப்பூச்சியையே தின்னும். மருந்தடித்திருந்தால் முதலில் செத்திருப்பது இவர்கள்தான்.

பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டதே நம்ம கோயமுத்தூரில்தான், 2008-ல். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தோட்டம் தோட்டமாகக் காலி செய்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து எறும்பைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்துப் பெருக்கி விட்ட பிறகுதான் அடங்கியது. அந்த வேலையைச் செய்த விஞ்ஞானிகளுக்கும் இந்த மடலில் ஒரு கும்பிடு. ஐயா சொன்னபடி, அதிகம் அப்பிய நுனிகளை மட்டும் வெட்டி எடுத்தோம். குளவிக்கூடு இல்லாத செம்பருத்திக் கிளைகளுக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடித்தார்கள். எறும்பு ஏறாமல் தண்டில் கிரீஸ் தடவிய துணியைச் சுற்றினார்கள், ஏனென்றால் மாவுப்பூச்சிக்குக் காவல்காரனே எறும்புதான். பப்பாளி பங்குனிக்குள் தெளிந்துவிட்டது.

மார்கழிப் பனியில் அவரைக் கொழுந்தில் அசுவினிப் பூச்சி ஏறியபோது தினமும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்ட இரண்டாம் மாடித் தம்பிக்கும், சாணம் கொண்டு வந்து தந்து காசு வாங்க மறுத்த பால்கார அக்காவுக்கும், பாதி விலையில் நிழல்வலை கொடுத்த நர்சரி அண்ணனுக்கும் நன்றி. சித்திரை வெயிலில் தக்காளிப் பூ உதிரத்தான் செய்தது. வலை கட்டியும் ஓரளவுக்குத்தான். அதற்காக யாரும் மனம் வாடாதீர்கள். 35 டிகிரிக்கு மேல் போனால் அதற்குப் பிஞ்சு பிடிக்காது.

இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறிவிடுகிறேன். அடுத்த ஆடிப்பட்டத்துக்கு அவரை, சுரை, நாட்டு வெண்டை விதை எடுத்துச் சாம்பலில் புரட்டி, வாட்ச்மேன் அண்ணன் அறையில் பொட்டலமாக வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்க வேண்டாம். மூன்றாம் மாடி ஸ்பிரேயர் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாசில் அடைத்திருக்கிறது, சரி செய்து ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்து தருகிறேன்.

அன்புடன்,
தரைத்தள வீட்டுப் பாட்டி