ஜூஜுட்சுவின் வைத்தியப் பாதி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து தோள்மூட்டு விலகியதையும், ஊர்க் கட்டு வைத்தியர் அதைப் பொருத்திக் கட்டுப் போட்டிருப்பதையும் படித்து வருந்தினேன். அந்த வலியிலும், "ஆயுள் முழுக்க அடிதடி கற்ற உனக்கு வைத்தியத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று சீண்டியிருக்கிறாயே, அதற்கே முதலில் பதில் எழுதுகிறேன்.

நான் கற்ற ஜூஜுட்சு ஜப்பானின் பழைய சண்டைக்கலை; அதன் ஆசான்களில் பலர் கட்டு வைத்தியர்களும்கூட. மூட்டைக் கழற்றும் பிடிகளைக் கற்பிக்கிறவர், பயிற்சியில் தோள் கழன்ற மாணவனைத் தாமே கவனித்தாக வேண்டியிருந்தது. பேரரசர் மெய்ஜியின் காலத்தில் சாமுராய் என்னும் போர்வீரர் வகுப்பு ஒழிந்து சண்டைக்கலைகள் மதிப்பிழந்தபோது, அவர்களில் பலருக்குச் சோறு போட்டதும் இந்த வைத்தியம்தான். பிற்காலத்தில் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ, இளைஞராக டோக்கியோவில் ஆசானைத் தேடி அலைந்தபோது கட்டு வைத்தியர்களிடம்தான் விசாரித்தார். யாகி தெய்னொசுகே என்ற வைத்தியர் வழிகாட்டியதால் 1877-இல் ஃபுகுதா ஹாச்சினொசுகேயிடம் மாணவராகச் சேர்ந்தார்.

நான் பயின்ற டான்சான் ரியூ என்னும் ஜூஜுட்சுப் பிரிவின் கதையே நோயில் தொடங்குகிறது. 1890-இல் ஃபுகுஷிமாவில் பிறந்து, 1906-இல் ஹவாய்க்கு வந்து, பின்னாளில் அதை நிறுவிய ஒகாசாகி செய்ஷிரோவுக்கு இளமையிலேயே நெஞ்சில் காசநோய் கண்டிருப்பதாகச் சொல்லப்பட்டது. ஹீலோ நகரில் தனாகா யோஷிமாத்சுவிடம் பயிற்சி பெற்று உடல் தேறியதால், இக்கலைக்கே தம் வாழ்வைக் கொடுத்தார். பயிற்சிதான் நோயைத் தீர்த்தது என்று நான் சாதிக்க மாட்டேன். அவர் அப்படி நம்பினார் என்பதே எனக்கு முக்கியம். ஹொனலுலுவில் அவர் நடத்திய நிக்கோ சிகிச்சை நிலையத்தில், முன்கையாலும் முழங்கையாலும் தசைகளை நீவும் முறை வளர்ந்தது. எதிராளியைத் தூக்கி எறிவதை மூட்டுகள் அனுமதிக்காத இந்த வயதில் நான் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் அதைத்தான், கூடவே அடிபடாமல் விழும் வித்தையையும். உனக்கு அதை அன்றே கற்றுத் தந்திருக்கலாம்!

எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பவனல்லன் நான். கழுத்து நெரிபட்டு மயங்கியவரை முதுகில் தட்டி எழுப்பும் 'காட்சு' முறை பார்ப்பதற்கு அற்புதமாகத் தோன்றும். ஆனால் பிடியை உடனே விட்டுவிட்டால் பெரும்பாலும் அவர் சில நொடிகளில் தாமாகவே விழித்துக்கொள்வார். இதயம் நின்றுவிட்டால் மார்பை அழுத்தி மருத்துவ உதவியை அழைக்க வேண்டுமேயன்றிக் காட்சுவை நம்பக் கூடாது. நம் வர்மக்கலையிலும் அடிமுறையும் வைத்தியமும் ஒன்றாகவே கற்பிக்கப்படுவதைக் கண்டு, போதிதர்மரை இடையில் நிறுத்தி அதற்கும் ஜூஜுட்சுவுக்கும் உறவு கற்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. உடலை நெருங்கி அறிந்தவர்கள் இரு நாடுகளிலும் தனித்தனியே அங்கு வந்து சேர்ந்திருக்கலாம்.

இனி உன் தோளைப் பற்றி. ஜப்பானில் கட்டு வைத்தியத்துக்கு அரசு உரிமம் உண்டு. 1970-இல் தனிச் சட்டமே வந்தது. ஆயினும் எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும், முதலுதவியைத் தவிர வேறு சிகிச்சை செய்ய மருத்துவரின் ஒப்புதல் வேண்டும் என்று அச்சட்டம் கட்டுப்படுத்துகிறது. நம் வயதில் மூட்டு விலகும்போது எலும்பில் கீறலும் விழுந்திருக்கலாம். எனவே தாமதிக்காமல் எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டு; தோளின் வெளிப்புறம் மரத்திருந்தால் அதை அவரிடம் மறக்காமல் சொல். கையை எத்தனை நாள் கட்டி வைக்க வேண்டும், எப்போது அசைக்கத் தொடங்கலாம் என்பதையும் கேட்டு எழுது. அதன் பிறகு நீவிவிடும் முறையை உன் மகனுக்குப் படம் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராகவன்