பழைய கேமராவைத் திறக்கும் சாவி யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சான்று கட்டாயம் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். ஆனால் அது புதிதாக விற்கும் கேமராவுக்கு. ஏற்கெனவே வாசலிலும் கல்லாப்பெட்டிக்கு மேலேயும் மாட்டி வைத்திருப்பவற்றுக்கு யார் பொறுப்பு?

இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிற குட்டிக் கம்ப்யூட்டர்கள். சில வருஷம் போனதும் கம்பெனி ஃபர்ம்வேர் (கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) அப்டேட்டை நிறுத்திவிடும், அப்புறம் பாதுகாப்பு ஓட்டை அப்படியே கிடக்கும். 2016-ல் மிராய் வைரஸ், ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர் ரெக்கார்டர்களையும் வளைத்துப்போட்டு, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் மீது ஏவியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறின. படத்தைக் கம்பெனி சர்வருக்கு அனுப்பும் கிளவுடும் அப்படித்தான்: 2024 பிப்ரவரியில் வைஸ் கேமரா வைத்திருந்த சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுப் படம் போனில் வந்தது.

இதற்கு மாற்று உண்டு. இன்ஜெனிக் சிப் உள்ள கேமராக்களுக்கு திஞ்சினோ என்றும், ஹைசிலிக்கான், கோக், சிக்மாஸ்டார் போன்ற சிப் உள்ளவற்றுக்கு ஓப்பன்ஐபிசி என்றும், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல ஃபர்ம்வேர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. போட்டுவிட்டால் படம் ஆர்டிஎஸ்பி என்ற வீடியோ அனுப்பும் முறை வழியாக நம் வீட்டு ரெக்கார்டருக்கே வரும், யாருடைய சர்வருக்கும் போக வேண்டியதில்லை. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் போனில் படம் பார்க்கிற சுகம் போய்விடும் என்பது நிஜம். வெளியூரிலிருந்து பார்க்க, வீட்டு நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான வழி தரும் விபிஎன் போட்டுக்கொள்ள வேண்டும். சில மாடல்களில் மெமரி கார்டிலேயே வேலை முடியும், மற்றவற்றில் மூடியைக் கழற்றி ஃபர்ம்வேர் இருக்கும் எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில் கிளிப் மாட்டி எழுத வேண்டும். அட்டைப்பெட்டியில் உள்ள பேரை நம்பாதீர்கள், ஒரே மாடலில் வேறு வேறு சிப் வருகிறது, உள்ளே பார்த்துத்தான் ஃபர்ம்வேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதையும் எழுதும் முன் பழைய ஃபர்ம்வேரை முழுசாகக் காப்பி எடுத்து வைக்காதவர் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே மேல்.

இப்போது சிக்கல் எங்கே என்றால், புதிய விதி கேமரா கிளம்பும்போதே ஃபர்ம்வேரின் டிஜிட்டல் கையொப்பத்தை, அதாவது அது கம்பெனி தந்ததுதானா என்பதைச் சரிபார்க்கச் சொல்கிறது, கம்ப்யூட்டரை இணைத்து உள்ளே நுழைய உதவும் யூஏஆர்டி போர்ட்டையும் மூடவோ பாஸ்வேர்டு போடவோ சொல்கிறது. திருடனைத் தடுக்க அது சரி. ஆனால் அதே பூட்டு காசு கொடுத்து வாங்கியவனையும் வெளியே நிறுத்துகிறதே! கம்பெனி அப்டேட்டை நிறுத்திய பிறகும் பூட்டு மட்டும் இருக்கும் என்றால், ஓட்டையைக் கம்பெனியும் அடைக்காது, நம்மையும் அடைக்க விடாது.

அதனால் மின்னணு அமைச்சகத்துக்கு இரண்டே கோரிக்கை. எந்த வருஷம் வரை அப்டேட் தருவோம் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடச் சொல்லுங்கள். அந்த வருஷம் முடிந்ததும், கேட்கிற உரிமையாளருக்குப் பூட்டைத் திறக்கும் வழியைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும் என்று சான்றுக்கான நிபந்தனையிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கேமரா பொருத்தும் தொழிலில் உள்ள வாசகர்,
ஈரோடு