ஒரு பவுண்டு துப்பாக்கி மருந்து 42 டாலர், வாசலுக்கு வரும்போது 91 டாலர்: ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் டாலஸ் பக்கத்திலிருந்து ஒருவர் கடைக்குத் தொலைபேசியில் பேசினார். ரீலோடிங், அதாவது தோட்டாவை வீட்டில் தானே நிரப்புவது, பழக ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது. "அண்ணா, மருந்து 42 டாலர் என்று போட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு பாட்டில்தான் எடுத்தேன். பணம் கட்டும் இடத்துக்கு வந்தால் 91 காட்டுகிறது. எதையாவது தவறாக அழுத்திவிட்டேனா?" என்று கேட்டார்.

அவர் எதையும் தவறாக அழுத்தவில்லை. 42 டாலர் மருந்துக்கு. 35 டாலர் ஹாஸ்மாட் கட்டணம், அதாவது அபாயப் பொருளை அனுப்புவதற்கான கூடுதல் கட்டணம். மீதி 14 டாலர் சாதாரண பார்சல் கூலி. இதை விளக்கிவிட்டு, "ஒரு பாட்டில்தான் வேண்டுமென்றால் எங்களிடம் ஆர்டர் செய்யாதீர்கள். உங்கள் ஊர் துப்பாக்கிக் கடையில் 50 டாலர் சொன்னாலும் அங்கேயே வாங்குங்கள், அதுதான் உங்களுக்கு லாபம்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

டெக்சஸில் இந்தக் கடையை நடத்தும் எங்களுக்கு இதே கேள்வி மாதத்துக்கு இருபது முப்பது தடவை வருகிறது. நம் தமிழ் நண்பர்கள் பலர் இப்போது ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடத்துக்கு) போகிறார்கள், மான் வேட்டைக்கு உரிமம் எடுக்கிறார்கள், சிலர் போட்டிகளிலும் கலந்துகொள்கிறார்கள். தோட்டாவைத் தாங்களே நிரப்பினால் செலவு குறையும் என்று நம்பி இறங்குகிறார்கள். குறையத்தான் செய்யும். ஆனால் வாங்கும் முறை தெரியாவிட்டால், மிச்சப்பட வேண்டிய பணம் முழுவதும் பார்சலிலேயே கரைந்துவிடும். அதனால்தான் இந்த மடல்.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: பித்தளைக் கூடு, பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பது என்பார்களே, அந்தச் சொல்லையே கடையில் நாங்களும் புழங்குகிறோம். இந்த நான்கில் கூடும் குண்டும் வெறும் உலோகம். யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் அனுப்பலாம். பிரைமரும் மருந்தும் அப்படியல்ல. இந்த இரண்டையும் அமெரிக்கத் தபால் துறை ஏற்காது. நாங்கள் விமானத்திலும் அனுப்புவதில்லை. தரைவழியாகத்தான் அனுப்புகிறோம். அதற்கென அங்கீகரிக்கப்பட்ட அட்டைப் பெட்டி, உரிய எண்ணும் அடையாளமும் உள்ள லேபிள், சரக்கோடு போகும் தாள்கள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பெட்டியைக் கட்டுபவர் முறையான பயிற்சி பெற்றிருக்க வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். கூரியர் நிறுவனம் அபாயப் பொருள் என்று எங்களிடம் வாங்கும் கூடுதல் தொகையைத்தான் 35 டாலராக உங்களிடம் வாங்குகிறோம். அதில் நாங்கள் ஒரு காசு லாபம் வைப்பதில்லை.

இதில் முக்கியமான செய்தி, இந்தக் கட்டணம் எடையைப் பார்ப்பதில்லை, பெட்டியைப் பார்க்கிறது. ஒரு பவுண்டு போட்டாலும் 35, இருபது பவுண்டு போட்டாலும் 35. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது பாட்டிலில் ஒட்டியிருக்கும் விலையை அல்ல, வாசலுக்கு வந்து சேர்ந்த மொத்த விலையைத் தோட்டாவின் எண்ணிக்கையால் வகுத்து வருவதை.

போட்டுப் பார்ப்போம். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ரைஃபிள் தோட்டா ஒன்றுக்குக் கணக்குக்காக 40 கிரெயின் என்று வைத்துக்கொள்வோம். (இது கூட்டல் கழித்தலுக்கான எண் மட்டுமே. நிரப்பும் அளவை மருந்து தயாரித்தவர் வெளியிட்ட கையேட்டில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.) ஒரு பவுண்டில் 175 தோட்டா வரும். 91 டாலரை 175-ஆல் வகுத்தால் மருந்துக்கு மட்டும் தோட்டாவுக்கு 52 சென்ட். அதையே 8 பவுண்டு குடுவையாக எடுத்தால் எங்கள் விலை 300 டாலர், ஹாஸ்மாட் 35, கூலி 20, ஆக 355. பவுண்டுக்கு 44 டாலர் சொச்சம். தோட்டாவுக்கு 25 சென்ட். பாதிக்கும் குறைவு.

கைத்துப்பாக்கிக்காரர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே 5 கிரெயின் என்று வைத்தால் ஒரு பவுண்டில் 1400 தோட்டா. மருந்தை எப்படி வாங்கினாலும் வித்தியாசம் மூன்று சென்ட்தான். அவர்களைக் கடிப்பது பிரைமர். ஆயிரம் பிரைமர் 75 டாலர், கட்டணமும் கூலியும் சேர்த்து 122. ஒன்றுக்கு 12 சென்ட். ஐயாயிரமாக எடுத்தால் 360, எல்லாம் சேர்த்து 415. ஒன்றுக்கு 8 சென்ட் சொச்சம்.

வாரம் 100 தோட்டா சுடும் ஒருவருக்கு ஆண்டுக்கு 5200 தேவை. நான்கு பவுண்டு மருந்தும் ஐயாயிரம் பிரைமரும் ஏறக்குறைய ஓர் ஆண்டுக்குப் போதும். இதை ஒரே தடவையில் வாங்கினால் எங்கள் கணக்கில் 590 டாலருக்குள் முடிந்துவிடும். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினாலோ, ஹாஸ்மாட் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 420 டாலர். அப்படி மாதாமாதம் ஆர்டர் செய்யும் வாடிக்கையாளர்கள் எங்களிடம் இப்போதும் இருக்கிறார்கள். ஆர்டர் வரும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை; கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறோம்.

எங்களிடம் மருந்தும் பிரைமரும் ஒரே ஆர்டரில் இருந்தால், மொத்தம் 50 பவுண்டுக்குள் ஒரே கட்டணம்தான். எல்லாக் கடைகளிலும் இப்படி இல்லை. சில இடங்களில் இரண்டுக்கும் தனித்தனியாகப் பிடிப்பார்கள். வேறு எங்கு வாங்கினாலும் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, சேர்ந்து வாங்குவது. இதுதான் நாங்கள் பெரிதும் பரிந்துரைக்கும் வழி, அதே நேரம் எங்களுக்குக் கொஞ்சம் பயமும் உள்ள வழி.

நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே முகவரிக்கு ஆர்டர் செய்தால் ஆளுக்கு ஒன்பது டாலருக்குள் ஹாஸ்மாட் கட்டணம் முடிந்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். சமையலறை மேடை. எங்கள் 8 பவுண்டு குடுவை மூடி திறந்து நிற்கிறது. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்த நான்கு ஊறுகாய் பாட்டில்கள். ஒன்றில் மாங்காய் ஊறுகாய் லேபிள் பாதி உரிந்தபடி அப்படியே இருக்கிறது. "பங்கு போடப் போகிறோம் அண்ணா" என்று கீழே எழுதியிருந்தார். உடனே அழைத்து நிறுத்தச் சொன்னேன்.

மருந்தைத் தயாரிப்பாளரின் கொள்கலனை விட்டு ஒருபோதும் மாற்றக் கூடாது. பெயர் இல்லாத பாட்டிலில் இருக்கும் மருந்து ஆறு மாதம் கழித்து எது என்று யாருக்கும் தெரியாது. பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு மருந்துகள் எரியும் வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் வேறுபடும். தவறான மருந்து துப்பாக்கியையே பிளந்துவிடும், அப்போது கை இருக்கும் இடம் அந்தத் துப்பாக்கியின் மேல்தான். கண்ணாடி பாட்டில் இன்னொரு அபாயம். தயாரிப்பாளரின் பிளாஸ்டிக் குடுவை, தீப்பிடித்தால் உள்ளே அழுத்தம் ஏறும் முன் விட்டுக்கொடுக்கும்படி செய்யப்பட்டது. இறுக மூடிய கண்ணாடி அப்படி விட்டுக்கொடுக்காது.

ஆகவே சேர்ந்து வாங்கும்போது குடுவையை எடுக்காதீர்கள், ஒரு பவுண்டு பாட்டில்களாக எடுங்கள். எட்டு பாட்டில் 336 டாலர், கட்டணமும் கூலியும் 55, ஆக 391. பவுண்டுக்கு 49 டாலர் வரும். குடுவையைவிட நான்கரை டாலர் கூடுதல்தான். அந்த நான்கரை டாலருக்கு ஒவ்வொருவர் வீட்டுக்கும் மூடி திறக்காத, லேபிளும் தயாரிப்பு எண்ணும் உள்ள பாட்டில் போகிறது.

தயாரிப்பு எண் என்றதும் இன்னொன்று. ஒரே பெயருள்ள மருந்தாக இருந்தாலும் ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் சிறு வித்தியாசம் உண்டு. எண் மாறினால் அளவைக் குறைத்து ஆரம்பித்து மறுபடி சோதித்து வர வேண்டும். அந்தச் சோதனையில் மருந்து, பிரைமர், குண்டு எல்லாமே செலவாகும். தனியாக நிறையச் சுடுபவர் ஒரே எண்ணுள்ள பெரிய குடுவையாக வாங்குவதில் இந்த லாபமும் இருக்கிறது. ஒரே எண்ணில் வேண்டும் என்று ஆர்டரில் ஒரு வரி எழுதுங்கள், இருந்தால் பார்த்து எடுத்து வைக்கிறோம்.

மலிவாக வருகிறதே என்று வீட்டில் குவிக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் தீப்பாதுகாப்பு நெறி வீட்டில் 20 பவுண்டு வரை மருந்தை அதன் சொந்தக் கொள்கலனில் வைக்க அனுமதிக்கிறது. அதற்கு மேல் 50 வரை என்றால் ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000 வரை. உங்கள் நகரத்து விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம். தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

குண்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. இவை அபாயப் பொருள் அல்ல என்பதால் தபாலில் போகும். தபால் துறையின் ஒரே விலைப் பெட்டியில் 70 பவுண்டு வரை எடை எவ்வளவானாலும் கட்டணம் மாறாது. 124 கிரெயின் குண்டு இரண்டாயிரம் 35 பவுண்டு வரும். அந்தப் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது. மருந்து ஆர்டரோடு குண்டையும் சேர்த்தால் கூலி மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். எடை ஏறி கூலி கூடத்தான் செய்யும். தனியாகப் போடுங்கள். இதில் ஒருமுறை நாங்கள் தவறு செய்திருக்கிறோம்: பெட்டியின் மூலைகளுக்குச் சரியாக டேப் ஒட்டாமல் அனுப்பி, வழியில் மூலை பிளந்து, வாடிக்கையாளர் கைக்குப் பாதிக் குண்டுதான் போய்ச் சேர்ந்தது. குறைந்ததை எங்கள் செலவில் அனுப்பினோம். அதிலிருந்து குண்டுகளைக் கெட்டித் துணிப்பையில் கட்டித்தான் பெட்டிக்குள் வைக்கிறோம்.

கூடு வாங்குவதற்கு முன் ரேஞ்சில் உங்கள் காலடியைப் பாருங்கள். நீங்கள் சுட்ட கூடுகளைக் கீழே விட்டுவிட்டு வராதீர்கள். நான்கு பொருளில் திரும்பத் திரும்பப் பயன்படுவது அது ஒன்றுதான்.

விலை ஏன் பழைய நிலைக்கு இறங்கவில்லை என்றும் கேட்கிறீர்கள். 2020-க்கு முன் ஆயிரம் பிரைமர் 30, 35 டாலருக்கு விற்ற கடை இது. அந்த ஆண்டு தொற்றுக்காலத்தில் துப்பாக்கி வாங்கியவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், அலமாரி காலியானது. பிரைமர் செய்யும் பெரிய ஆலைகள் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தோட்டா விற்பனை ஏறினால் அவர்கள் பிரைமரைத் தங்கள் தோட்டாவுக்கே எடுத்துக்கொள்வார்கள், தனியாக விற்பதற்கு மிஞ்சாது. அது ஓயும் முன் 2022-இல் உக்ரைன் போர். மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்து எடுப்பது. பீரங்கிக் குண்டுக்கும் அதுவே வேண்டும். போருக்குப் போனது போக மீதிதான் நம்மிடம் வருகிறது.

கடையில் விற்கும் ஆயத்தத் தோட்டாவுக்கு 11 சதவீதக் கூட்டாட்சி வரி உற்பத்தியாளரிடம் வசூலாகிறது. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது வன உயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. தனித்தனிப் பொருளாக வாங்கும்போது அந்த வரி இல்லை. ரீலோடிங்கில் உங்களுக்கு இருக்கும் சாதகங்களில் இதுவும் ஒன்று. ஆனால் நிரப்பிய தோட்டாவை விற்கத் தொடங்கினால் உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். சேர்ந்து வாங்குங்கள், அவரவர் தோட்டாவை அவரவர் நிரப்புங்கள்.

தட்டுப்பாடு வரும்போதெல்லாம் பாதி விலைக்குப் பிரைமர், ஹாஸ்மாட் கட்டணமும் இல்லை என்று புதிது புதிதாகக் கடைகள் முளைக்கும். நேர்மையான கடைகளும் பண்டிகை நேரத்தில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதுண்டு. ஆனால் கிரெடிட் கார்டு வாங்க மாட்டோம், நேரடியாகக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்றால் விலகிவிடுங்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் இருவர் அப்படிப் பணத்தை இழந்திருக்கிறார்கள்.

வரும் மாதம் முதல் சேர்ந்து வாங்குபவர்களுக்காக ஒரு மாற்றம் செய்கிறோம். ஒரே முகவரிக்கு அனுப்பினாலும் ஆளுக்குத் தனி ரசீது, தனிப் பையில் அவரவர் பாட்டில், பையின் மேல் பெயர். பெட்டியைக் கையெழுத்திட்டு வாங்க ஒரு பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பி வந்துவிடும், அந்தக் கூலியும் வீண். இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் இருப்பவர்கள் சனிக்கிழமை நேரில் வந்து எடுத்துக்கொண்டால் கட்டணமும் இல்லை, கூலியும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் என்ன மருந்து, எத்தனை பாட்டில் என்று சொல்லிவிடுங்கள், பெயர் எழுதி எடுத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
கடையினர்