பல்லிக்குக் கால் முளைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த உறுப்பு மறுவளர்ச்சிக் கட்டுரையில், வாலைப் போலவே பல்லிக்குக் காலும் முளைக்கும் என்று ஒரு வரி இருக்கிறது. முளைக்காது. கால் போன இடத்தில் தழும்புதான் மிஞ்சும். வாலும்கூடப் பழையபடி வருவதில்லை. அடிப்பகுதியில் உள்ள சில தவிர, வால் எலும்பின் மற்றக் கண்ணிகளுக்குள் குறுக்கே மெல்லிய முறிவுக் கோடு உண்டு; வால் துண்டாவது அங்கேதான். பிறகு வளர்வது கண்ணிகளே இல்லாத குருத்தெலும்புக் குழாய். அதில் முறிவுக் கோடு கிடையாது என்பதால், அடுத்த தடவை அதற்கு மேலே, பழைய எலும்பு உள்ள இடத்தில்தான் வால் கழலும். டியூப்லைட் பக்கம் பூச்சிக்குக் காத்திருக்கும் பல்லிகளைக் கவனித்தால், சிலவற்றின் வாலில் செதில் வரிசை சட்டென்று மாறுவது தெரியும். ஓணானுக்கு அந்தக் கோடே இல்லை. வால் போனால் போனதுதான்.

எலும்பு, தசை, நரம்பு சகிதம் முழுக் காலையும் வளர்ந்த பிறகும் திரும்பப் பெறும் முதுகெலும்பி, பல்லி வடிவில் இருக்கும் தவளை உறவான சாலமாண்டர் வகைதான். பொதிகை மலையில் அதைத் தேட வேண்டாம். இந்தியாவில் கிழக்கு இமயமும் வடகிழக்கும்தான் அதன் இடம். ஆய்வகங்களில் வளர்ப்பது மெக்சிகோவின் ஆக்சலாட்டல் என்ற சாலமாண்டர். அதன் கால் துண்டானால், ஏறக்குறைய ஒரு நாளுக்குள் மேல்தோல் செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மூடிவிடும். அதற்கடியில் பிளாஸ்டெமா என்னும் செல் திரள் சேர்ந்து புதுக் காலாகும். இது எப்போது கெடும் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. அந்தக் காலுக்கு வரும் நரம்பை அறுத்துவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களை அகற்றினால் தழும்பு விழும். 2013-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. காயத்தின் மேல் முழுத்தோலை இழுத்துத் தைத்தாலும் கால் வராது.

கடைசியாகச் சொன்னது நமக்கும் பொருந்தும். சிறு பிள்ளைகளின் விரல் நுனி கதவிடுக்கில் நசுங்கித் துண்டானால், வெட்டு கடைசி மூட்டுக்கு அப்பால் இருந்து நகத்தின் வேரும் பிழைத்திருந்தால், தைக்காமல் ஈரம் காக்கும் கட்டுப் போட்டாலே நுனி பெரும்பாலும் வளர்ந்துவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு மருத்துவமனையில் மருத்துவர் சிந்தியா இல்லிங்வொர்த் 1974-இல் இதைப் பதிவு செய்தார். நக வேர் போயிருந்தால் வளராது. எலும்பு வெளியே தெரிந்தால் என்ன செய்வதென்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் செய்ய வேண்டியது, சுத்தமான தண்ணீரில் கழுவி, ஈரத்துணி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. காப்பித்தூளும் சுண்ணாம்பும் அப்பினால் அழுக்குச் சேரும், காயமும் வறண்டுபோகும்.

தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவத்தில் பின்னங்கால் திரும்ப வரும். வளர்ந்தபின் அந்தத் திறன் போய்விடும். புவனேசுவரத்தின் உத்கல் பல்கலைக்கழகத்தார், வால் வெட்டிய தலைப்பிரட்டைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்தபோது வால் இருந்த இடத்தில் கால்கள் முளைத்ததை 1992-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்த அந்த வேலைக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரி கிடைக்காதது வருத்தம்தான்.

இனி அந்தக் கட்டுரையோடு வந்த கட்டம் கட்டிய செய்தி: "வயல் நண்டின் காலை நடுவில் வெட்டி, தினமும் ஸ்கேலால் அளக்கலாம்." தயவுசெய்து மாணவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள். கொடுமை ஒருபுறம் இருக்கட்டும், சோதனையே நடக்காது. நடுவில் வெட்டினால், மீதியை நண்டே அடியோடு கழற்றிவிடும். காலின் அடிப்பகுதியில் அதற்கென்றே ஒரு முறிவிடம் இருக்கிறது. அங்குள்ள சவ்வு ரத்தம் வடியாமல் அடைத்துக்கொள்ளும். புதுக் காலும் அங்கிருந்துதான் வரும், அதுவும் மெல்லிய உறைக்குள் மடக்கிய குடைபோல. நண்டு ஓடு மாற்றும்போதுதான் அது விரியும். அதுவரை ஸ்கேலுக்கு அகப்படுவது ஒரு மொட்டுதான். விரிந்த கால் முதலில் சிறுத்தே இருக்கும். இன்னும் இரண்டு மூன்று தடவை ஓடு மாற்றினால் மற்ற கால்களோடு சேர்ந்துகொள்ளும். பெரிய நண்டு அரிதாகத்தான் ஓடு மாற்றும் என்பதால் அதை வைத்துக் காத்திருப்பது வீண்.

பிசான நெல் சாகுபடிக்கு வரப்பு வெட்டும்போது, நீர் கசியும் வளைகளைத் தோண்டினால் ஏற்கெனவே கால் இழந்த நண்டுகள் எப்படியும் கிடைக்கும். அவற்றில் சிறியதாகப் பார்த்து எடுக்கலாம். அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு விரற்கடைத் தண்ணீரும், ஏறி உட்கார ஒரு கல்லும், ஒளிந்துகொள்ள உடைந்த கூரை ஓட்டுத் துண்டும் போதும். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போனபின் ஊற்ற வேண்டும். மீன் துணுக்கோ சோற்றுப் பருக்கையோ போட்டு, மிஞ்சியதை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். நண்டு சாவது பெரும்பாலும் நாறிய தண்ணீரால். ஒரு தொட்டிக்கு ஒரு நண்டுதான். ஓடு மாற்றி மெத்தென்று கிடப்பதை இன்னொன்று தின்றுவிடும். புது ஓடு இறுகும்வரை கையால் தொடக் கூடாது. கழற்றிய ஓட்டையும் உடனே அள்ளிப் போட்டுவிடாதீர்கள். புது ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்காக நண்டு அதைத் தின்னும்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர்கள் இருவர்,
அம்பாசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டம்.