காணாது ஈத்த பொன்னாடை

அன்புள்ள கண்ணு,

உன் புத்தக வெளியீடு முடிந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. அன்று ராத்திரி பத்தரை மணிக்குப் போன் செய்தாய். "எல்லாரும் நல்லா நடந்துச்சுன்னு சொல்றாங்க டீச்சர். எனக்கு மட்டும் ஏன் தோத்துப்போன மாதிரி இருக்கு?" என்று கேட்டாய். "தூங்கு, காலையில் பேசலாம்" என்று சொல்லிவிட்டேன். அந்தக் காலை வரவில்லை. நீ எழுதுவதையே விட்டுவிட்டதாக உன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. உன் பெயரைச் சொல்லாமல் இதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதுகிறேன். இதே கேள்வியோடு என்னிடம் வந்த பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சிறப்பு விருந்தினர் இருபது நிமிடம் பேசினார். புத்தகத்தின் பெயரை இரண்டு முறை தப்பாகச் சொன்னார். உன்னை இந்தக் காலத்து ஔவை என்றார், பொன்னாடை போர்த்தினார், கூட்டம் கைதட்டியது. அவர் கையில் இருந்த பிரதியின் ரிப்பன் கடைசிவரை அவிழவே இல்லை. மேடையில் உன் முகம் வாடியதை நான் பார்த்தேன். அங்கே உனக்கு வந்த உணர்வு சரியான உணர்வு, கண்ணு. அதைச் சந்தேகப்படாதே.

பத்தாம் வகுப்பில் உனக்குச் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனாரைச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? புறநானூறு 208. குன்றும் மலையும் பல கடந்து, பரிசில் கேட்டு அதியமான் நெடுமான் அஞ்சி என்ற மன்னனிடம் போகிறார். அதியமான் அவரைப் பார்க்காமலே, 'இதை வாங்கிக்கொண்டு போகட்டும்' என்று பரிசிலைக் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்கவில்லை. 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்கிறார். என்னைப் பார்க்காமல் கொடுத்த பொருளை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை என்று அர்த்தம். என்னை அவன் எப்படி அறிந்துகொண்டான் என்பதுதான் அவர் கேள்வி. தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்கிறார். இதைச் சொன்னவர் வசதியான மனிதர் இல்லை. அதே தொகுதியில் 160-ஆம் பாட்டில் அவர் வீடு வருகிறது. பால் இல்லாத முலையைச் சுவைத்துப் பார்த்த பிள்ளை, சோறு தேடி வெறும் கலத்தைத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறது என்கிறாள், நிலாவைக் காட்டுகிறாள். அழுகை அடங்கவில்லை. அந்த வீட்டுக்காரர்தான் படிக்காத பாராட்டைத் திருப்பி அனுப்பினார். ஊர் அதை வெற்றி என்று சொல்லியிருக்காது. எனக்கு அதைவிடப் பெரிய வெற்றி இன்றுவரை தெரியாது.

புத்தகம் விற்காததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 300 பிரதி அடித்தாய், 240 கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அம்மாவின் சீட்டுப் பணம் அது. அதற்கு நான் ஆறுதல் சொல்ல மாட்டேன், கடன் கடன்தான், அடைத்தாக வேண்டும். முப்பது பிரதிகளை எனக்கு அனுப்பு, தெரிந்தவர்களிடம் கொடுத்துப் பணம் வாங்கித் தருகிறேன். இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

கவிதைக்கு வருகிறேன். உன் 41 கவிதைகளையும் இரண்டு முறை படித்தேன். பல கவிதைகள் தோற்றிருக்கின்றன. மழையைப் பற்றி ஆறு எழுதியிருக்கிறாய், ஆறிலும் மழை இல்லை. மழையைப் பற்றி வேறு யார் யாரோ சொன்னதுதான் இருக்கிறது. மேடையில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நீ அழுதுகொண்டாவது வீட்டுக்குப் போய் எழுதியிருப்பாய். கவிஞர் தோற்கிற இடம் விற்பனைக் கணக்கில் இல்லை, அந்த ஆறு பக்கங்களில் இருக்கிறது. நாம் பார்க்காததைப் பார்த்ததாக எழுதுகிறோமே, அங்கே. அது யாருக்கும் வரும், அடுத்த கவிதையில் சரியும் ஆகும்.

ஆனால் இருபத்தேழாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

தறி நின்ற இரவில்தான்
அம்மா பேசுவது கேட்டது
எத்தனை நாளாய்ப்
பேசிக்கொண்டிருந்தாளோ

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தொடர்ந்து படிக்க முடியவில்லை.

குறுந்தொகையில் 401 பாட்டு இருக்கிறது. 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பித்தார், 1937-இல் உ.வே.சா. பதிப்பித்தார். அதற்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய உரைகள் நமக்குக் கிடைக்கவில்லை. எவ்வளவு பெரிய புலவர்கள், அந்த உரை போய்விட்டது. பாட்டு இருக்கிறது. பாடியவர்களில் சிலருக்குப் பெயரே தெரியவில்லை. தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டில் இருந்த ஒரு தொடரை எடுத்து அதையே பெயராக வைத்தார்கள். 'செம்புலப் பெயல்நீர் போல' என்று பாடியவர் செம்புலப்பெயல்நீரார் ஆனார். ஆள் இல்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். ஈரம் காய்வதற்குள் உழுதுவிடத் தவிக்கும் ஒற்றை ஏர்க்காரனைச் சொன்னவர் ஓரேருழவனார். ஆணா பெண்ணா, எந்த ஊர், யார் பரிசு கொடுத்தார்கள், யார் கொடுக்காமல் விட்டார்கள், ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த முற்றத்தையும் அணிலையும் இன்று நான் கண்ணால் பார்க்கிறேன். முப்பது வருடம் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவை உனக்குத் தெரியும், வருடக்கணக்கில் தறிக்கு நூல் தார் சுற்றியவர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. உன் நான்கு வரிகளை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கூட்லயும் அப்பிடித்தானுங்க டீச்சர்" என்றார். யார் எழுதியது என்று கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி கரண்ட் போய்விட்டது. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. எல்லோரும் திண்ணைக்கு வந்துவிட்டோம். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் போனில் அவள் அம்மாவிடம் பேசி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா அவள் கையைப் பிடித்து, "தறி நின்னாத்தான சாமி அம்மா பேசறது கேக்கும்" என்றார். அந்தப் பெண், "இது யாருங்க்கா சொன்னது?" என்று கேட்டாள்.

"ஆரோ சொல்லுவாங்க" என்றார் அக்கா.

உன் பெயர் என் வாய் வரைக்கும் வந்தது, கண்ணு. சொல்லவில்லை.

அன்புடன்,
உன் தமிழ் டீச்சர்